குளத்துப் பச்சையில் நஞ்சு இருக்கிறதா? பரம்பரையலகைக் கொண்டு கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

சிறுபோக வேளாண்மை கதிர் முற்றுகிற நேரத்தில் எங்கள் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும். கச்சான் காற்று கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் அணைக்கட்டில் நின்று பார்த்தால், யாரோ அண்டா அண்டாவாக இலைக்கஞ்சியைக் கவிழ்த்துவிட்டதுபோல அலைகரை முழுக்கப் பச்சை படிந்து கிடக்கும். அப்படி ஒரு காலையில் போத்தலும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து ஒரு மீனவப் பெரியவர் சொன்னார்: "இது பாசிதானே மனே. மாடெல்லாம் குடிக்குது, ஒண்டும் செய்யல்ல."

அவர் சொன்னதில் பாதி பிழை, பாதி சரி. அது பாசி அல்ல, பற்றீரியா. பாடப்புத்தகத்தில் நீலப்பச்சை அல்கா என்று படித்தோமே, அதே சயனோபற்றீரியாதான். மாடு குடித்து ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஏனென்றால் இவற்றில் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை, சிலதான் சுரக்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற ஒரே சாதிக்குள், ஒரே இனத்துக்குள்கூட, நஞ்சு செய்யும் குலவகையும் செய்யாத குலவகையும் ஒரே குளத்தில் ஒன்றாக மிதக்கும். எவ்வளவு நல்ல நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் உள்ளே, பரம்பரையலகில் இருக்கிறது. ஆகவே அங்கேதான் தேட வேண்டும்.

இந்த வழிகாட்டியை இலங்கையின் கிழக்கில் உயிரியல் படிக்கும் பட்டதாரி மாணவர்களையும், சிறிய ஆய்வுகூடம் ஒன்றை நடத்துபவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பி.சி.ஆர் இயந்திரம் (டி.என்.ஏயின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்குவது) ஒன்று, ஜெல் ஓட்டும் தொட்டி (பெருக்கிய துண்டுகளை நீளப்படி பிரித்துப் பட்டிகளாகக் காட்டுவது) ஒன்று, வேலை செய்யும் குளிர்பெட்டி ஒன்று இருந்தால் முக்கால்வாசிப் படிகளை இங்கேயே செய்யலாம். மிச்சத்தை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

எதைத் தேடுகிறோம்

நன்னீரில் கவலைப்பட வேண்டிய நச்சுகள் நான்கு. முதலாவது மைக்ரோசிஸ்டின், ஈரலைத் தாக்கும். இரண்டாவது சிலிண்ட்ரோஸ்பெர்மொப்சின், ஈரலோடு சிறுநீரகத்தையும் தாக்கும். அனாடொக்சினும் சக்சிடொக்சினும் நரம்பைத் தாக்குபவை. ஒவ்வொன்றையும் செய்வதற்குப் பற்றீரியாவின் டி.என்.ஏயில் வரிசையாக அமைந்த ஒரு பரம்பரையலகுக் கூட்டம் இருக்கிறது. மைக்ரோசிஸ்டினுக்கு எம்சிவை கூட்டம், சிலிண்ட்ரோஸ்பெர்மொப்சினுக்கு சிவைஆர், அனாடொக்சினுக்கு அனா, சக்சிடொக்சினுக்கு எஸ்எக்ஸ்டி. எம்சிவை கூட்டத்தின் முழு வரிசை 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஏறத்தாழ 55 ஆயிரம் மூலச்சோடி (டி.என்.ஏ ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு மூலச்சோடி) நீளம், பத்துப் பரம்பரையலகுகள். அவ்வளவையும் தேடத் தேவையில்லை. ஒரு சின்னத் துண்டு போதும். மைக்ரோசிஸ்டினுக்குப் பெரும்பாலானோர் தேடுவது அந்தப் பத்தில் ஒன்றான எம்சிவை-ஈ.

இந்த நஞ்சுகள் வெறும் புத்தகச் சங்கதி அல்ல. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் ஒரு சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்கத் தண்ணீர் போனது. அங்கே இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்தவர்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மைக்ரோசிஸ்டின் நேரே இரத்தத்தில் கலந்ததே காரணம். குழாய்த் தண்ணீருக்கு உன்னிச்சைக் குளத்தை நம்பியிருக்கும் மட்டக்களப்பு நகரத்து ஆளுக்கோ, கொண்டவட்டுவான் குளத்தை நம்பியிருக்கும் அம்பாறை ஆளுக்கோ இது தூரத்துக் கதையாகத் தோன்றக்கூடாது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குளங்களில் நஞ்சு இருக்கிறது என்றும் சொல்லவில்லை. குடிதண்ணீருக்கு எடுக்கும் எந்தக் குளத்தையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

குளத்தடிக்குப் போவதற்கு முன்

அனுமதி வாங்குங்கள். நடுத்தர, பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்துக்குப் போவதானால் அது கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது; வனசீவராசிகள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். (அங்கே தண்ணீருக்குள் யானை நீந்தும். இரப்பர்ப் படகில் போகலாம் என்று யோசிப்பவர்கள் இன்னொரு முறை யோசிக்கவும்.) வயலுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கும் வட்டை விதானையிடமும் மீனவர் சங்கத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் தோணியும் கிடைக்கும், பச்சை எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்ற விவரமும் கிடைக்கும். அந்த விவரம் எந்த இயந்திரத்திலும் கிடைக்காது.

கையுறை, நீளச் சப்பாத்து, மூக்கு மூடி கட்டாயம். பச்சை படிந்த தண்ணீருக்குள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். சிலருக்குத் தோல் தடித்துவிடும்.

கண்ணாலேயே செய்யும் இரண்டு சோதனைகள்

ஒரு கம்பைப் பச்சைக்குள் விட்டு எடுங்கள். நீண்ட நூல்நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி, பெரும்பாலும் பயமில்லை. பெயின்ற் பூசியதுபோலக் கம்பில் ஒட்டி வந்தால் சயனோபற்றீரியாவாக இருக்கலாம். இரண்டாவது, ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி அசைக்காமல் ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே பச்சை வளையம் கட்டியிருந்தால் சந்தேகம் கூடுகிறது. இவற்றின் கலத்துக்குள் வாயு நிரம்பிய நுண்ணிய பைகள் இருப்பதால் மிதக்கும். அடியில் படிந்திருந்தால் வேறு அல்காவாக இருக்கலாம்.

இந்த இரண்டையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். வெப்ப நாட்டுக் குளங்களில் முக்கியமான ரபிடியொப்சிஸ் என்ற இழை வகை (பழைய பெயர் சிலிண்ட்ரோஸ்பெர்மொப்சிஸ்) மேலே படலமாகக் கட்டாது. தண்ணீர் முழுக்கக் கலந்து, கொஞ்சம் பழுப்பேறிய பச்சையாகத்தான் இருக்கும். அழகாகத் தெரியும் குளத்திலும் அது இருக்கலாம்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்தது இந்த வகையோடு தொடர்புடையது. நீர்த்தேக்கத்தில் கூடியிருந்த பச்சையைக் கொல்லச் செப்புச் சல்பேற்றுப் போட்டார்கள். கலங்கள் வெடித்து உள்ளிருந்த நஞ்சு தண்ணீரில் கலந்தது. சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், ஈரல் நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதனால் உங்கள் ஊரில் யாராவது "மருந்தைப் போட்டுக் கொன்றுவிடலாம்" என்று கிளம்பினால், முதலில் நிறுத்துங்கள். கொதிக்க வைத்தாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் எடுப்பது: வேலையின் பாதி இதுதான்

என் அனுபவத்தில் பிழையான பெறுபேறுகளில் பெரும்பங்கு பி.சி.ஆர் இயந்திரத்தில் பிறப்பதில்லை. குளத்தடியிலும் மோட்டார் சைக்கிளின் பின் சீற்றிலும் பிறக்கிறது.

எங்கே எடுப்பது? எங்கள் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி ஓடுபவை. அவற்றை மறித்த குளங்களின் அணைக்கட்டு பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். அதாவது, பச்சை கூடும் அதே மாதங்களில் காற்று அந்தப் பச்சையை அணைக்கட்டை நோக்கித் தள்ளுகிறது. துருசும் (மதகு), குளிக்கும் இடமும், சில இடங்களில் தண்ணீர் எடுக்கும் கோபுரமும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே ஒதுங்கிய படலத்தில் ஒன்று, தண்ணீர் எடுக்கும் வாயருகே ஒன்று, நடுக்குளத்தில் ஒன்று என்று குறைந்தது மூன்று இடம். இவற்றைக் கலக்கவே கூடாது. படலத்தில் கலங்கள் நடுக்குளத்தைவிட நூறு, ஆயிரம் மடங்கு அடர்த்தியாக இருக்கலாம். அதை மட்டும் எடுத்துவிட்டு "குளமே நஞ்சு" என்று எழுதுவதும், நடுக்குளத்தில் மட்டும் எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதுவதும் ஒரே அளவு தவறு.

நடுக்குளத்தில் மேற்பரப்பில் மட்டும் அள்ளாதீர்கள். இரண்டு மீற்றர் நீளமான சுத்தமான பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் அந்த ஆழம் முழுக்க உள்ள தண்ணீர் வரும். ரபிடியொப்சிஸைப் பிடிக்க இதுதான் வழி.

நேரம் காலை எட்டு மணிக்கும் பத்துக்கும் இடையில் நல்லது. இரவில் மிதந்து மேலே வந்தது காற்றில் கலையும் முன் எடுத்துவிடலாம். எந்த நேரமானாலும் ஒவ்வொரு முறையும் அதே நேரம் என்பது முக்கியம்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று போத்தல், ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர். கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, றெஜிபோம் பெட்டியில் ஐஸுடன் வைக்க வேண்டும். ஆனால் உறையவிடக் கூடாது. உறைந்தால் கலம் உடைந்து டி.என்.ஏ தண்ணீரோடு போய்விடும், வடிகட்டும்போது கிடைக்காது. இன்னொரு போத்தலில் ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுபோன சுத்தமான தண்ணீரைக் குளத்தடியிலேயே திறந்து ஊற்றி மூடுங்கள். அதுதான் களத்து வெற்று மாதிரி. அதிலும் நச்சுப் பரம்பரையலகு வந்தால், உங்கள் கையோ போத்தலோ அழுக்கு என்று அர்த்தம்.

தனியாக ஒரு சின்னப் போத்தலில் லூகோல் அயடீன் விட்டு நுணுக்குக்காட்டிக்கென்று வையுங்கள். அயடீன் பட்ட மாதிரியை டி.என்.ஏ வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்; அது பி.சி.ஆரைக் கெடுக்கும்.

பெயர் எழுதுவதற்குப் பென்சிலோ அழியாத மார்க்கரோ. ஒருமுறை ஐஸ் கரைந்து, பன்னிரண்டு போத்தலில் ஒன்பதின் பெயர் அழிந்துபோனது. மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவையும் கொட்டிவிட்டு அடுத்த கிழமை மறுபடி போனோம். அதிலிருந்து மூடியிலும் எழுதுகிறேன், பக்கத்திலும் எழுதுகிறேன், கொப்பியிலும் எழுதுகிறேன். கொப்பியில் தண்ணீரின் வெப்பநிலை, பி.எச், காற்றுத் திசை, கடைசியாக மழை பெய்த நாள், ஜி.பி.எஸ் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும்.

வடிகட்டல்

அன்றைக்கே வடிகட்டிவிடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்குள் என்றால் மிக நல்லது. 24 மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிதாள் போதும். தெளிந்த தண்ணீரானால் 250 மில்லிலீற்றர்வரை போகும். பச்சைத் தண்ணீரானால் 20, 30 மில்லிலீற்றரிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நிறுத்துங்கள். பம்பின் இழுப்பைக் கூட்டி மல்லுக்கட்டினால் கலம் கிழியும். எத்தனை மில்லிலீற்றர் போனது என்பதை அந்த நிமிடமே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் கடைசியில் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

வடிதாளைப் பச்சை உள்ளே வரும்படி மடித்து டியூப்பில் போட்டு, மறை 20 பாகையிலாவது வையுங்கள். மறை 80 இருந்தால் இன்னும் நல்லது. மின்வெட்டு நாட்களில் குளிர்பெட்டியைத் திறக்காமல் இருப்பதும் ஒரு திறமைதான்.

நுணுக்குக்காட்டியை மறக்காதீர்கள்

பி.சி.ஆர் இருக்கும்போது இது எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். எந்தப் பரம்பரையலகைத் தேடுவது என்று தீர்மானிப்பதற்குத்தான். உருண்டை உருண்டையாகக் கூழுக்குள் புதைந்த கலக்கூட்டம் என்றால் மைக்ரோசிஸ்டிஸ், எம்சிவையில் தொடங்குங்கள். மணிமாலைபோன்ற இழை, இடையிடையே வெளிறிய பெரிய கலம் என்றால் டொலிகொஸ்பெர்மம். எம்சிவையோடு அனாவையும் எஸ்எக்ஸ்டியையும் பாருங்கள். மெல்லிய இழை, நுனியில் கூரான துளிபோன்ற கலம் என்றால் ரபிடியொப்சிஸ். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த இனம் சிலிண்ட்ரோஸ்பெர்மொப்சின் செய்கிறது. பிரேசிலில் அதே இனம் சக்சிடொக்சின் செய்கிறது. பெயரை வைத்து நஞ்சைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

டி.என்.ஏயைப் பிரித்தெடுத்தல்

மைக்ரோசிஸ்டிஸின் கூழ் உறைதான் இங்கே எதிரி. வெண்டிக்காயை நறுக்கிய கத்தியைக் கழுவியவர்களுக்கு அந்தக் கூழின் குணம் தெரியும். கலத்தை உடைக்கவும் விடாது, உடைத்தபின் டி.என்.ஏயோடு ஒட்டிக்கொண்டு பி.சி.ஆரையும் தடுக்கும்.

காசு இருந்தால், மண்ணுக்கோ தண்ணீருக்கோ என்று விற்கும், கண்ணாடி மணிகளால் குலுக்கி உடைக்கும் வகைக் கிற் ஒன்றை வாங்குங்கள். இல்லாவிட்டால் சீற்றாப் (CTAB) என்ற சவர்க்காரம் போன்ற பொருளைக் கொண்டு செய்யும் முறை கைகொடுக்கும். சுருக்கமாகச் சொன்னால் இப்படி: வடிதாளைத் துண்டாக்கி, மூன்று முறை உறையவைத்து உருக்குங்கள். கலச்சுவரை உடைக்கும் லைசோசைம் நொதியம் சேர்த்து 37 பாகையில் அரை மணித்தியாலம், பிறகு புரதத்தைச் சிதைக்கும் புரட்டினேஸ்-கே நொதியமும் எஸ்.டி.எஸ் என்ற சவர்க்காரப் பொருளும் சேர்த்து 55 பாகையில் ஒரு மணித்தியாலம். இதன்பின் உப்பும் சீற்றாப்பும் சேர்த்து 65 பாகையில் வைத்தால் கூழ்ச் சர்க்கரைகள் சீற்றாப்போடு சேரும். உப்பின் அளவு குறைந்தால் டி.என்.ஏயும் சேர்ந்து போய்விடும்; அந்த இடத்தில் கவனம். குளோரபோமும் ஐசோஅமைல் அற்ககோலும் 24க்கு 1 என்று கலந்து குலுக்கி, மையநீக்கியில் சுற்றி, மேற்படையை மட்டும் எடுங்கள். நடுவில் வெள்ளையாக நிற்கும் படலத்தில் பிப்பெற்றின் நுனி படக் கூடாது. குளிர்ந்த எதனோலில் டி.என்.ஏ வெளிப்படும், 70 சதவீத எதனோலால் கழுவி, உலரவிட்டு, 100 மைக்ரோலீற்றர் தண்ணீரிலோ தாங்கல் கரைசலிலோ கரையுங்கள். குளோரபோம் வேலை புகைக் கூண்டுக்குள்தான்.

தரத்தைப் பார்க்க 260, 280 நனோமீற்றர் ஒளியை டி.என்.ஏ கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம் 1.8 அளவில் இருக்க வேண்டும். 260க்கும் 230க்கும் உள்ளது 2ஐ அண்மித்தால் சர்க்கரைகளும் மக்கிய இலைச் சாறும் அதிகம் இல்லை என்று பொருள். காட்டோரக் குளங்களில் இந்த இரண்டாவது விகிதம்தான் அடிக்கடி காலை வாரும். ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் வடிதாள் ஒன்றையும் சேர்த்து எல்லாப் படியிலும் கொண்டுபோங்கள்.

பி.சி.ஆர்

முதலில் சயனோபற்றீரியாவுக்கே உரிய 16எஸ் பிரைமர் சோடியால் ஓட்டுங்கள். (16எஸ் எல்லாப் பற்றீரியாவிலும் உள்ள ஒரு பரம்பரையலகு. பிரைமர் என்பது பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையையும் குறிக்கும் குட்டி டி.என்.ஏ.) இது நஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டி.என்.ஏ வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இது வராத மாதிரியில் எம்சிவை வரவில்லை என்று எழுதுவது, மணி அடிக்காத ஃபோனை வைத்துக்கொண்டு யாரும் அழைக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது.

16எஸ் வந்துவிட்டதா, சரி, இனி நச்சுப் பரம்பரையலகு. மைக்ரோசிஸ்டினுக்கு 2006இல் வெளியான ஹெப் பிரைமர் சோடியைப் பரிந்துரைக்கிறேன். அது 472 மூலச்சோடி நீளமான துண்டைப் பெருக்கும். மைக்ரோசிஸ்டிஸ், டொலிகொஸ்பெர்மம், பிளாங்டொத்ரிக்ஸ் மூன்றிலும் பிடிக்கும். உவர் கலந்த நீரில் வாழும் நொடுலேரியா செய்யும் நொடுலரின் என்ற, மைக்ரோசிஸ்டினை ஒத்த நச்சின் பரம்பரையலகையும் பிடிக்கும். மட்டக்களப்பு வாவியில் மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீராகி, கோடையில் உவர்ப்பேறுகிறது; அந்த ஓரங்களில் வேலை செய்பவர்களுக்கு இது கூடுதல் வசதி. சிலிண்ட்ரோஸ்பெர்மொப்சினுக்கு சிவைஆர்-ஜே, அனாடொக்சினுக்கு அனா-சி, சக்சிடொக்சினுக்கு எஸ்எக்ஸ்டி-ஏ என்பவற்றைத் தேடலாம்.

25 மைக்ரோலீற்றர் கலவைக்கு இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் (நொதியமும் மற்றத் தேவையான பொருட்களும் கலந்து விற்கும் கலவை) 12.5, பத்து மைக்ரோமோலர் பிரைமர்கள் ஒவ்வொன்றும் 1, டி.என்.ஏ 2, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் செறிவான பி.எஸ்.ஏ புரதம் 0.5, மிச்சம் 8 தண்ணீர். அந்தப் புரதம் தடைப்பொருட்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். குளத்து மாதிரிக்கு அதை விடாதீர்கள். ஹெப் சோடிக்கு 92 பாகையில் 2 நிமிடம். பிறகு 92இல் 20 செக்கன், 56இல் 30 செக்கன், 72இல் 1 நிமிடம் என்று 35 சுற்று. கடைசியில் 72இல் 5 நிமிடம். சூடாக்கித் தொடங்கும் வகை நொதியம் என்றால் தொடக்க வெப்பத்தை அதன் தாளில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும், கட்டாயம் பட்டி காட்ட வேண்டிய நேர் மாதிரி ஒன்று வேண்டும். நஞ்சு செய்வது என்று உலகெங்கும் பயன்படுவது பாரிஸின் பாஸ்டர் சேகரிப்பில் உள்ள மைக்ரோசிஸ்டிஸ், பி.சி.சி 7806. உயிருள்ள வளர்ப்பை வரவழைக்க முடியாவிட்டால் அதன் டி.என்.ஏ கிடைத்தாலும் போதும். பட்டி காட்டவே கூடாத எதிர் மாதிரிக்கு நஞ்சில்லாத சினெகொசிஸ்டிஸ் பி.சி.சி 6803 பொருத்தம். அதோடு வெறும் தண்ணீர். அப்புறம் ஒவ்வொரு டி.என்.ஏயையும் உள்ளபடியும் பத்து மடங்கு ஐதாக்கியும் ஓட்டுங்கள். ஐதாக்கியது வந்து, ஐதாக்காதது வராவிட்டால் தடைப்பொருள் இருக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு மாதம் எல்லா மாதிரியும் நேராக, அதாவது நச்சுப் பரம்பரையலகு உண்டு என்று, வந்தது. கொண்டாடினோம். பிறகுதான் ஒருவர் கவனித்தார், வெறும் தண்ணீரிலும் மெல்லிய பட்டி. பெருக்கிய டி.என்.ஏயைத் திறந்த அதே மேசையில் புதிய கலவையையும் செய்திருக்கிறோம். அந்த இரண்டு மாதத்தின் தரவு முழுக்கக் குப்பைக்குப் போனது. கலவை செய்யும் மேசை வேறு, டி.என்.ஏ சேர்க்கும் இடம் வேறு, ஜெல் ஓட்டும் அறை வேறு. அறை இல்லாவிட்டால் மேசைகளையாவது பிரியுங்கள். ஜெல் அறையின் பிப்பெற் கலவை மேசைக்கு ஒருநாளும் வரக்கூடாது.

ஜெல்லைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1.5 சதவீத அகரோஸ், 100 மூலச்சோடி ஏணி, எதிடியத்துக்குப் பதிலாகப் பாதுகாப்பான சாயம். 472 இருக்க வேண்டிய இடத்தில் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அருகே என்றால் போதாது, அந்த இடத்திலேயே.

வரிசைப்படுத்தல்

பட்டி கிடைத்துவிட்டால் அது உண்மையில் எம்சிவை-ஈதானா என்று உறுதிசெய்ய ஓரிரு துண்டுகளைச் சாங்கர் முறைக்கு, அதாவது ஒவ்வொரு துண்டாக எழுத்துத் தொடரை வாசிக்கும் முறைக்கு, அனுப்புங்கள். வரும் எழுத்துத் தொடரை ஜென்பாங் என்ற டி.என்.ஏ தரவுத்தளத்தில் பிளாஸ்ட் என்ற தேடல் கருவி மூலம் ஒப்பிட்டால் எந்தச் சாதியின் பரம்பரையலகு என்றுகூடத் தெரியவரும். பல இனம் கலந்த மாதிரியில் சாங்கர் குழம்பும். அப்போது துண்டுகளைப் படியாக்கம் செய்து (ஒவ்வொன்றையும் தனித்தனிப் பற்றீரியாவுக்குள் ஏற்றிப் பெருக்கி) தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்பது இல்லுமினா என்ற வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் மாதிரியில் உள்ள எல்லா உயிர்களின் 16எஸ் துண்டுகளையும் ஒரேயடியாக வரிசைப்படுத்தலாமே என்பது. செய்யலாம். குளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற அழகான வர்ணப் படம் கிடைக்கும். ஆனால் 16எஸ் நஞ்சுள்ள மைக்ரோசிஸ்டிஸையும் இல்லாததையும் பிரிக்காது. நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். போதாததற்கு, பச்சை அல்காக்களின் பசுங்கனிகமும் சயனோபற்றீரியா வம்சம்தான் என்பதால் அவற்றின் 16எஸ்ஸும் கூடவே வரும். அவற்றைக் கழிக்காமல் சதவீதம் போடாதீர்கள். கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் 16எஸ் படத்தை விட்டுவிட்டு அளவறி பி.சி.ஆருக்குப் போவேன்.

எவ்வளவு என்று எண்ணுதல்

சாதாரண பி.சி.ஆர் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். அளவறி பி.சி.ஆரில், அதாவது கியூ.பி.சி.ஆரில், அந்தப் பரம்பரையலகின் எத்தனை பிரதி என்று வரும். தெரிந்த அளவான பிரதிகளைப் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, பிரதி எண்ணின் மடக்கைக்கு (log10) எதிரே அது தென்படத் தொடங்கும் சுற்றின் எண்ணைக் குறித்து, நியமக் கோடு ஒன்றை வரையுங்கள். அதன் சாய்வு மறை 3.1க்கும் மறை 3.6க்கும் இடையில் இருக்க வேண்டும். மறை 3.32 என்றால் வினைத்திறன் நூறு சதவீதம். வெளியே போனால் மறுபடி ஓட்டுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். 100 மில்லிலீற்றர் வடித்தீர்கள், டி.என்.ஏயை 100 மைக்ரோலீற்றரில் கரைத்தீர்கள், அதில் 2 மைக்ரோலீற்றர் விட்டதில் இயந்திரம் 4,000 பிரதி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலீற்றரில் 2,000. முழு டி.என்.ஏயில் 2 இலட்சம். அது 100 மில்லிலீற்றர் குளத்துத் தண்ணீருக்கு உரியது. ஆகவே மில்லிலீற்றருக்கு 2,000 பிரதி. டி.என்.ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கியிருந்தால் பத்தால் பெருக்க மறக்காதீர்கள். பிரதி எண்ணிக்கையைக் கல எண்ணிக்கை என்று எழுதிவிடவும் வேண்டாம். ஒரே கலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முழுத் தொகுதி டி.என்.ஏ இருக்கலாம்.

16எஸ் பிரதிகளோடு எம்சிவை-ஈ பிரதிகளை ஒப்பிட்டு மாதாமாதம் வரைந்தால், குளத்துச் சயனோபற்றீரியாவில் நஞ்சு செய்யக்கூடிய பங்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். தண்ணீர் பச்சையாகத் தெரியும் முன்பே இது ஏறத் தொடங்கலாம். இந்த முறைகளின் உண்மையான பலன் என் பார்வையில் அதுதான்.

பெறுபேற்றை எப்படி வாசிப்பது

அடுப்படியில் மிளகாய்த்தூள் போத்தல் இருக்கிறது என்பது ஒன்று. கறியில் எத்தனை கரண்டி போட்டார்கள் என்பது வேறு. பரம்பரையலகுச் சோதனை போத்தலைத்தான் காட்டுகிறது. எம்சிவை-ஈ வந்தால் நஞ்சு செய்யக்கூடிய உயிர் அங்கே இருக்கிறது. இப்போது தண்ணீரில் எத்தனை மைக்ரோகிராம் நஞ்சு என்பது தெரியாது. பரம்பரையலகுக் கூட்டத்தின் ஒரு பகுதி உடைந்து, நாம் தேடிய துண்டு மட்டும் மிச்சமிருக்கும் குலவகைகளும் உண்டு. செத்த கலத்தின் டி.என்.ஏயும் கொஞ்சக் காலம் பட்டி காட்டும். மறுபக்கம், கலமெல்லாம் அழிந்து டி.என்.ஏ குறைந்த பிறகும் நஞ்சு தண்ணீரில் நிற்கலாம். பாம் தீவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நேராக வந்த மாதிரியை எலைசா (பிறபொருளெதிரியைக் கொண்டு அளக்கும்) கிற் மூலமோ எல்.சி.எம்.எஸ் (மூலக்கூறுகளைப் பிரித்து அவற்றின் திணிவால் இனங்காணும்) இயந்திரம் மூலமோ நஞ்சுக்கென்று தனியாக அளக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு இடத்துத் தண்ணீரிலும் 50 மில்லிலீற்றரை, வடிகட்டாமல், கண்ணாடிப் போத்தலில், மேலே இடம் விட்டு உறையவைத்து வைத்திருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டி அளவு: மைக்ரோசிஸ்டின் வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராம், குறுகிய காலத்துக்கு 12, குளித்து நீந்தும் தண்ணீரில் 24. சிலிண்ட்ரோஸ்பெர்மொப்சினுக்கு அதே வரிசையில் 0.7, 3, 6.

யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது

ஜெல் படத்தை முகநூலில் போடாதீர்கள். "இன்ன குளத்தில் நஞ்சு" என்ற ஒரு வரி பரவினால், அந்தக் குளத்துத் திலாப்பியாவைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். நாற்பது, ஐம்பது குடும்பத்தின் அடுப்பு அணையும். மீனின் சதையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் அளக்கவேயில்லை. நான் இங்கே என் மாதிரிகள் எந்தக் குளத்தினுடையவை என்று சொல்லாததற்கும் காரணம் அதுதான்.

குடிதண்ணீருக்கு எடுக்கும் குளமானால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிரதேச ஆய்வுகூடத்துக்கு அன்றைக்கே சொல்லுங்கள். சுத்திகரிப்பில் கலங்களை உடைக்காமல் முழுதாக அகற்றுவதா, முதலில் குளோரின் போடுவதா என்பதை அவர்கள் தீர்மானிக்க உங்கள் தகவல் உதவும். மற்றக் குளங்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். எழுத்தில் கொடுங்கள்: எந்த இடம், எந்த நாள், எத்தனை மாதிரி, எது நேர், எது இன்னும் அளக்கவில்லை.

மீனவர்களிடமும் நேரே போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, நஞ்சு செய்யக்கூடியது இருக்கு. செய்திருக்கா எண்டு இன்னும் தெரியாது. அதுவரைக்கும் பச்சை ஒதுங்கின பக்கம் மாட்டை விடாதீங்க, பிள்ளைகளக் குளிக்க விடாதீங்க. மீனைப் பிடிச்சா ஈரலையும் குடலையும் எடுத்து வீசிப்போட்டு நல்லாக் கழுவுங்க." அவர் கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று கேட்டார். இரண்டு கிழமையில், இதே துருசடி, இதே எட்டு மணி என்றேன். தோணியைத் தயாராக வைப்பதாகச் சொன்னார்.